இறைமொழி என்பதற்கு ஏது: மோர்மன் நூலும் திருக்குர்ஆனும்

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், ஏசாயா தீர்க்கதரிசி நூலின் 29ஆம் அதிகாரத்திலே, முத்திரையிட்ட ஏடு பற்றிய உவமை ஒன்று உளது. ஏட்டினைக் கற்றான் ஒருவன் கையிற் கொடுத்து வாசிக்கச் சொல்ல, முத்திரை இடப்பட்டிருத்தலின் இயலாதென்கின்றான் அவன். கல்லாதான் கையிற் கொடுக்க, தனக்கு எழுத்துத் தெரியாதென்கின்றான் அவன். எருசலேம் மக்களின் அகக்கண் மூடிக்கிடந்த நிலையைச் சுட்ட எழுந்த இவ்வுவமையைத் தத்தம் வேதம் பற்றிய முன்னறிவிப்பெனக் கொண்டாடுவோர் இரு பெருஞ் சமயங்களிலே உளர்.

மோர்மன் சமயத்தார் கூறுவது இது. 1828ஆம் ஆண்டில் மாட்டின் ஹரிஸ் என்னுங் கமக்காரர், ஜோசப் ஸ்மித் (1805–1844) பொன்னேடுகளிலிருந்து படியெடுத்துத் தந்த சில எழுத்துக்களை நியூயோர்க் நகருக்குக் கொண்டுசென்று, கொலம்பியாக் கல்லூரியிலே கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த சாள்ஸ் அந்தன் என்பாரிடங் காட்டினார். ஏடுகளையே கொண்டுவருக என்றாராம் அந்தன். அவற்றுள் ஒரு பகுதி முத்திரையிடப்பட்டது என ஹரிஸ் கூற, முத்திரையிட்ட நூலை வாசித்தல் தம்மால் இயலாதென்றாராம். கற்றவர் கைவிட்ட நூலைக் கல்லாத ஸ்மித் மொழிபெயர்த்தார். ஏசாயாவின் வாக்கு நிறைவேறிற்று என்க. அந்தனோ, 1834இல் எழுதிய கடிதமொன்றில், தாம் அவ்வெழுத்துக்களை மெய்யெனச் சான்றளித்ததாகக் கூறுவதை மறுத்து, அவற்றைப் பித்தலாட்டமெனவே கண்டதாகக் குறிப்பிட்டார்.

இனி இஸ்லாமியப் பிரசாரகருள் ஒருவராய்த் தென்னாபிரிக்காவில் வாழ்ந்த அகமது தீதாத் (1918–2005), அதே அதிகாரத்தின் 12ஆம் வசனத்தை ஹிராக் குகையிலே கொண்டுபோய்ப் பொருத்துகின்றார். கி.பி. 610 அளவில் அக்குகையில் வானவர் ஜிப்ரீல் தோன்றி ஓதுமாறு பணிக்க, நபிகள் நாயகம் தாம் ஓதத் தெரிந்தவரல்லர் என விடையிறுத்தமை இஸ்லாமிய மரபிலே பெயர்பெற்ற நிகழ்ச்சி. தமிழ் கற்போர் இவ்வரலாற்றைச் சீறாப்புராணத்து நுபுவ்வத்துக் காண்டத்தின் வாயிலாகவும் அறிவர். கல்லாதான் என்று ஏசாயா கூறியது இவரையே என்பது தீதாதின் வாதம்.

ஒரே வசனம் இரு நூல்களைச் சுட்டுதல் கூடுமோ? ஏசாயா கூற்றில் கற்றானும் வாசித்திலன், கல்லாதானும் வாசித்திலன். இருவரும் வாசியாமையே ஆண்டுப் பொருள். கல்லாதான் பின்னர் வாசித்தான் எனக் கதையை நீட்டினாலன்றி இரு சாராருக்கும் அவ்வசனம் பயன்படாது. மோர்மன் நூல் தன்னுள்ளேயே அவ்வாறு நீட்டி உரைக்கின்றது. தீதாத் முன்னும் பின்னும் உள்ளவற்றை விட்டு ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றார். இச்சிறு செய்தியை முதற்கண் வைத்தமைக்குக் காரணம் உண்டு. ஒரு வேதத்தை இறைமொழி என நிறுவ எடுத்த ஏது, அதனோடு முரணும் பிறிதொரு வேதத்துக்கும் அவ்வாறே பொருந்துமாயின், அவ்வேது யாதாகும்?

இவ்விரு சமயங்களையும் ஒப்பிடுதல் புதிதன்று. ஸ்மித்தின் காலத்திலேயே அவர்தம் பகைவர் அவரை அமெரிக்க முகம்மது என இகழ்ந்தனர்; ஒரு பெயரால் இருவரையும் வைதவாறு அது. 1860இல் சோல்ற் லேக் நகருக்குச் சென்ற றிச்சேட் பேட்டன், அடுத்த ஆண்டு வெளியிட்ட தமது பயண நூலிலே இவ்வொப்புமையைத் தொட்டுச் செல்கின்றார். யேர்மனிய வரலாற்றாசிரியர் எடுவாட் மேயர் 1912இல் மோர்மன் வரலாறு பற்றி எழுதிய நூல், ஒரு வெளிப்பாட்டுச் சமயம் தோன்றுமாற்றை அண்மைக்காலச் சான்றுகளாற் கண்டு, அதன் துணையால் இஸ்லாத்தின் தொடக்கத்தை விளங்கிக்கொள்ள முயன்றது. இவர்களெல்லாம் நிறுவினோரை ஒப்பிட்டனர். யாம் ஈண்டு ஒப்பிடப் புகுவது நிறுவினோரையன்று. அவர்கள் தந்த நூல் இறைவனிடமிருந்து வந்தது என நிலைநாட்டப் பின்வந்தோர் கையாளும் வாதங்களையே.

வாதங்களை அளக்கத் தமிழிலே அளவைநூற் சொற்கள் உள. மணிமேகலையின் 29ஆங் காதை ஏதுப்போலிகளை வகுக்குமிடத்து அநைகாந்திகம் என ஓரினத்தைக் கூறுகின்றது. துணிபு தாராத ஏது என்பது பொருள். அவற்றுட் சாதாரணம் என்பது, நிறுவ வேண்டிய பொருளிலும் அதற்கு மாறான பொருளிலும் ஒருங்கே காணப்படுவது. அசாதாரணம் என்பது, நிறுவ வேண்டிய பொருளிலன்றி வேறெங்குங் காணப்படாதது. ஒலி நித்தியம், செவிக்குப் புலனாதலின் என்றாற்போல. விருத்த வியபிசாரி என்பதோ, ஒன்றையொன்று மறுக்கும் இரு முடிபுகளுக்கு இரண்டு ஏதுக்கள் ஒத்த வலியுடையனவாய் நிற்பது. இம்மூன்றும் நம் ஆராய்ச்சிக்குப் போதும்.

இரு சாராரும் முதற்கண் எடுத்தோதும் ஏது, நூலை வெளியிட்டவரின் கல்லாமை. திருக்குர்ஆன் 29ஆம் அத்தியாயம் 48ஆம் வசனம், நபிகள் இதற்கு முன் எந்நூலையும் ஓதியவருமல்லர், வலக்கையால் எழுதியவருமல்லர் என்னுங் கருத்துடையது. 7ஆம் அத்தியாயத்தில் அவரைக் குறித்து வரும் உம்மீ என்ற சொல்லுக்கு எழுத்தறியாதவர் என்றே உரையாசிரியர் பலரும் பொருள் கொண்டனர். முன்னர் வேதம் பெற்றிராத மக்களைச் சேர்ந்தவர் என்பதே பொருளென வாதிப்போரும் உளர். மோர்மன் பக்கத்திலே, ஸ்மித்தின் மனைவி எம்மா 1879இல் தம் மகனுக்கு அளித்த விடைகள் பெரிதும் எடுத்தாளப்படும். அக்காலத்தில் தம் கணவர் ஒரு கடிதத்தையேனும் ஒழுங்குறச் சொல்ல வல்லரல்லர் என்றும், இடையிலே உணவுக்கு எழுந்து சென்று மீண்டால் விட்ட இடத்தைப் படித்துக்காட்டச் சொல்லாமலே தொடர்ந்தார் என்றும், பார்த்துச் சொல்லக் கையெழுத்துப் பிரதி எதுவும் அவரிடம் இருந்ததில்லை என்றும் அவ்வம்மையார் கூறினார்.

கல்லாமை ஏதுவாயின், அது மாறான பொருளிற் காணப்படாதிருத்தல் வேண்டும். ஆயின் காணப்படுகின்றது. 1935ஆம் ஆண்டில் மில்மன் பரி, அல்பேட் லோட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் யூகோசிலாவியாவிலே அவ்தோ மெஜெதோவிச் என்னும் பாடகரைக் கண்டனர். எழுத்தறியாத அவர் வாய்மொழியாகச் சொல்ல எழுதப்பட்ட ஒரு காவியம் மட்டும் 12,000 அடிகளைக் கடந்தது. அதனை இறைமொழி என்றார் ஒருவருமிலர். எழுத்தறியாமை சொல்லாற்றல் இன்மை ஆகாது என்பதை வாய்மொழி மரபுடைய எந்நாட்டாரும் அறிவர்.

அவ்தோவுக்குப் பின்னால் பலதலைமுறைப் பாடன் மரபு இருந்ததே எனின், அது தக்க வினா. ஆயின் அவ்வினாவை எழுப்புவோர் கல்லாமை என்னும் ஏதுவைக் கைவிட்டு, பொருளுக்கு மூலமின்மை என்னும் வேறோர் ஏதுவுக்கு மாறிவிட்டனர் என்பது நோக்கற்பாலது. அதனைத் தனியே நிறுவுதல் வேண்டும். மோர்மன் நூலுக்கு இது கடினமான பணி. ஏசாயா நூலின் பல அதிகாரங்கள் 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தின் சொல்நடையைப் பெரும்பாலும் தழுவியே அதனுள் வருகின்றன. அந்நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1831இல், அலெக்சாந்தர் கம்பெல் என்னும் போதகர், அக்காலத்து நியூயோர்க்கிலே பேசப்பட்ட சமயச் சச்சரவுகள் யாவற்றுக்கும் இந்நூல் தீர்ப்புக் கூறுகின்றதே எனக் கேட்டார். அமெரிக்கப் பழங்குடிகள் இஸ்ரவேலின் வழித்தோன்றல்கள் எனக் கூறிய ஈதன் ஸ்மித் என்பாரின் நூல் 1823இலேயே வெளிவந்துவிட்டது. அதற்கும் மோர்மன் நூலுக்குமுள்ள ஒப்புமைகளை மோர்மன் சபைத் தலைவருள் ஒருவரான பி. எச். றொபேட்ஸ் 1920களில் அஞ்சாது தொகுத்தார். அவர் எழுதியவை 1985இலேதான் அச்சேறின. சபைக்குள்ளிருந்தே எழுந்த இவ்வாராய்ச்சி நேர்மைக்கு எடுத்துக்காட்டாகும்.

திருக்குர்ஆன் இவ்வினாவை மறைக்காது தானே எடுத்துரைக்கின்றது. 16ஆம் அத்தியாயம் 103ஆம் வசனத்திலே, யாரோ ஒரு மனிதன் இவருக்குக் கற்பிக்கின்றான் என மறுப்போர் கூறியமை குறிக்கப்படுகின்றது. விடையாக வருவது, அவர்கள் சுட்டும் மனிதனின் மொழி வேற்றுமொழி, இதுவோ தெளிந்த அரபு என்பது. வினா பொருளைப் பற்றியது. விடை மொழியைப் பற்றியது. இங்ஙனம் வாதம் பொருளை விட்டு மொழியின்மேல் ஏறி நிற்பதே இஸ்லாமியர் வாதத்தின் தனித்தன்மை. அதற்குச் செல்லுமுன் ஒரு வேடிக்கையைக் குறித்துவிடுதல் வேண்டும்.

ஏறக்குறைய 2,70,000 ஆங்கிலச் சொற்களைக் கொண்ட மோர்மன் நூலின் பெரும்பகுதி 1829 ஏப்பிரில் முதல் யூன் வரை மூன்று மாதத்துக்குள் சொல்லி எழுதப்பட்டது. இத்துணை விரைவிலே பிறந்த நூல் முரணின்றி இருப்பது மனிதச் செயலன்று என்பர் அச்சமயத்தார். திருக்குர்ஆன் ஏறத்தாழ 23 ஆண்டுகளிலே, போரிலும் அமைதியிலும், மக்காவிலும் மதீனாவிலும், சிறிது சிறிதாக அருளப்பட்டது. இத்துணை நீண்ட காலத்திலே பிறந்த நூல் முரணின்றி இருப்பது மனிதச் செயலன்று என்பர் இஸ்லாமியர். 4ஆம் அத்தியாயம் 82ஆம் வசனத்தை மேற்கோளாகவுங் காட்டுவர். குறுகிய காலமும் நீண்ட காலமும் ஒரே முடிபைத் தருமாயின் காலம் ஏதுவன்று. எஞ்சி நிற்பது முரணின்மை ஒன்றே. அதுவோ, முரண்போற் காண்பவற்றை இயைத்துக் காட்டும் உரையாசிரியரின் திறத்தோடு பிரிக்கவியலாதபடி பிணைந்தது.

இனி, மொழியால் வரும் வாதத்தைக் காண்பாம். இதற்கு நிகரான நுட்பமுடைய வாதம் மோர்மன் பக்கத்தில் இல்லை என்பது எம் கருத்து. இது போன்ற ஓர் அத்தியாயத்தையேனும் இயற்றிக் கொண்டுவருக என்னும் அறைகூவல் 2ஆம், 10ஆம் அத்தியாயங்களில் உளது. 11ஆம் அத்தியாயம் பத்து அத்தியாயங்களைக் கேட்கின்றது. 17ஆம் அத்தியாயம், மனிதரும் ஜின்களும் ஒருங்கு கூடினும் இயலாதென்கின்றது. மிகச் சிறிய அத்தியாயமான 108ஆவது மூன்றே வசனங்களைக் கொண்டது. சொல்வன்மையைத் தம் உயிரெனக் கொண்ட அரபு மக்கள், மூன்று வசனங்களால் முடிக்கக்கூடிய பூசலை விட்டு வாளெடுத்துப் போரிட்டனர். இயலுமாயின் எளிய வழியையன்றோ தெரிவர் என்பது வாதத்தின் உயிர்நாடி. இதனை வரலாற்று வாதம் எனலாம்.

பின்வந்த அறிஞர் இதனை இலக்கிய வாதமாக்கினர். ஆயின் அவர்தம்முள் ஒருமைப்பாடு இருந்ததில்லை. 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பஸ்றாவிலே விளங்கிய அந்நஸ்ஸாம், மறைபொருட் செய்திகளைக் கூறுதலே அற்புதம் என்றும், நடையைப் பொறுத்தவரை அரபு மக்கள் இதுபோல் இயற்ற வல்லவராயிருந்தும் இறைவன் அவர்களைத் தடுத்துவிட்டான் என்றுங் கூறினார். இது சர்ஃபா எனப்படும். இக்கொள்கையிலே அற்புதம் நூலில் இல்லை; நூலைச் சூழ்ந்த வரலாற்றில் உளது. நடையின் சிறப்பு மட்டும் இத்துணைப் பெரிய முடிபைத் தாங்குமோ என்ற ஐயம் இறைநம்பிக்கையுடையார் உள்ளத்திலேயே எழுந்தமைக்கு இதனினுஞ் சான்று வேண்டா. 1013இல் மறைந்த அல்பாகில்லானி இதனை மறுத்து, நூலமைப்பே அற்புதமென நாட்ட முனைந்தார். அவர் கையாண்ட முறை வியத்தற்குரியது. அரபுக் கவிஞருள் முதல்வராக மதிக்கப்பட்ட இம்ரவுல் கைஸின் பெயர்பெற்ற பாட்டை எடுத்துக்கொண்டு, அடியடியாகச் சென்று, இவ்விடத்துச் சொல் வெற்றெனத் தொடுத்தது, இவ்விடத்துப் பொருள் இழிந்தது எனக் குற்றங்காட்டுகின்றார். மனிதன் பாடியவற்றுள் மிகச் சிறந்ததே இங்ஙனம் ஏற்றத்தாழ்வுடையது. திருக்குர்ஆனோ எங்கணும் ஒரு தரத்தது என்பது அவர் காட்ட விரும்பியது.

கற்போர் இதனைச் சுவைப்பர், ஆயின் ஏற்பரோ? குற்றங்காணும் நோக்கொடு புகுவார்க்கு எப்பாட்டும் இடங்கொடுக்கும். ஒரு பாட்டைப் பகைவன் கண்ணாலும் மற்றொரு நூலை அடியவன் கண்ணாலும் நோக்கி ஒப்பிடுதல் ஒப்பீடாகாது. அல்பாகில்லானிக்குப் பின் அதே நூற்றாண்டில் வாழ்ந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தார் போலும். சிறப்புத் தனிச் சொல்லில் இல்லை, ஒலியில் மட்டுமில்லை, சொற்கள் இலக்கணத் தொடர்பால் ஒன்றோடொன்று பிணைந்து பொருள் தரும் அமைப்பிலேயே உளது என அவர் கொண்டார். நழ்ம் எனப்பெறும் அக்கொள்கை, சொல் முன்பின்னாக வருவதாலும், ஒன்று தொக்கும் விரிந்தும் நிற்பதாலும் பொருள் எங்ஙனம் வேறுபடுகின்றதென நுணுகி ஆராய்கின்றது. வேதத்தின் தெய்விகத்தை நாட்டப் புகுந்தவர் கையிலே அரபு இலக்கியத் திறனாய்வு முதிர்ந்தது. கருதிய முடிபை நிறுவினாலும் நிறுவாவிட்டாலும், இவ்வாராய்ச்சி தந்த பயன் நின்று நிலவுகின்றது.

ஆயினும் அளவைநூல் வினா எஞ்சுகின்றது. இந்நூல் வேறெந்நூலையும் ஒவ்வாதது. ஆகலின் இறைமொழி என்பது வாதமாயின், ஒவ்வாமை என்னும் ஏது நிறுவ வேண்டிய பொருளில் மட்டுமே உளது. ஒத்த பொருள் ஒன்றிலே அதனைக் காட்டினாலன்றி அசாதாரணம் என்னுங் குற்றந் தங்கும். ஒப்பற்ற நூல்கள் உலகிற் பல. ஒப்பின்மை ஆசிரியனின் ஒப்பின்மையைக் காட்டுமேயன்றி அவன் மனிதனல்லன் என்பதைக் காட்டாது. இவ்விடத்து இஸ்லாமியத் தத்துவ அறிஞரின் விடை வலியுடையது. ஒத்த பொருள் உளது; அது மூசா நபியின் கோலும், ஈசா நபி நோய் தீர்த்த செயலுமாம். சூனியம் சிறந்த காலத்து மூசாவுக்குக் கோலும், மருத்துவஞ் சிறந்த காலத்து ஈசாவுக்கு நோய் தீர்த்தலும், சொல்வன்மை சிறந்த காலத்து முகம்மது நபிக்கு இந்நூலும் அற்புதமாகத் தரப்பட்டன என்பர். அல்ஜாஹிஸ் போன்றோர் விளக்கிய கருத்து இது. ஆயின் மூசாவின் கோலை நாம் காண்பது வேதங்களின் வழியாகவே. வேதத்தை நாட்ட அற்புதமும், அற்புதத்தை நாட்ட வேதமும் வருமாயின், ஒன்றையொன்று பற்றி நிற்றல் என்னுங் குற்றம் நேரும். விவிலியத்தை ஏற்கெனவே ஏற்ற யூதரோடும் கிறித்தவரோடும் வாதிடுங்கால் இவ்விடை போதியது. ஏலாதாரோடு வாதிடுங்காற் போதாது.

இன்னொன்று. அரபு அறியாத நம்மனோர் அப்துல் ஹமீது பாக்கவியார் தமிழாக்கத்தையோ வேறொன்றையோ படிக்குமிடத்து, எம்முன் நிற்பது அவ்வற்புதமன்று, அதன் பொருளே என்பதை இஸ்லாமியரே ஒப்புவர். ஆகவே உலக மக்களுட் பெரும்பாலார்க்கு, ஏன், முஸ்லிம்களுட் பெரும்பாலார்க்கும், இவ்வாதம் நேரிற் காணும் அளவையாகாது. கற்றார் சொல்லக் கேட்டு நம்பும் உரையளவையே ஆகும்.

மோர்மன் நூலின் நிலை முற்றும் வேறு. அது தன் நடையைப் பற்றிப் பெருமை கொள்வதில்லை. குற்றம் இருப்பின் அது மனிதர் குற்றம் என முகப்பேட்டிலேயே கூறிக்கொள்கின்றது. தம் எழுத்தின் வலியின்மைக்காக மொரோனி வருந்தும் பகுதியும் உளது. மூலப் பொன்னேடுகளைத் தூதன் மீளப் பெற்றுக்கொண்டான் எனப்படுதலின், எஞ்சியிருப்பது மொழிபெயர்ப்பே. மொழிபெயர்த்தால் அற்புதம் மறையும் நூல் ஒன்று. மொழிபெயர்ப்பாகவே பிறந்த நூல் மற்றொன்று. ஆயினும் அறைகூவல் அங்கும் இல்லாமலில்லை. 1831 நவம்பரில், ஸ்மித் பெற்ற வெளிப்பாடுகளின் சொல்நடையைச் சிலர் குறைகூற, அவற்றுள் மிகச் சிறிய ஒன்றைப்போல் இயற்றுமாறு உங்களுள் அறிவிற் சிறந்தவனை ஏவுக என ஒரு வெளிப்பாடு பிறந்தது. வில்லியம் மக்லெலின் முயன்று தோற்றார் என மோர்மன் வரலாறு கூறும். இருபதாம் நூற்றாண்டிலே ஹியூ நிப்ளி என்னும் பேராசிரியர், இது போன்றதொரு நூலைக் குறித்த காலத்துள் எழுதிக் காட்டுக என மாணவர்க்குக் கூறுவதுண்டு. இரண்டும் மக்காவின் அறைகூவலை நினைவூட்டுவன. ஆயின் மோர்மன் வாதக் கட்டிடத்தின் மூலைக்கல் இவையல்ல.

இலக்கிய வாதம் ஒன்று அவர்க்குப் பிற்காலத்தே வாய்த்தது. 1967இல் யேர்மனியின் றேகன்ஸ்பேக் நகரிலே ஊழியஞ் செய்துகொண்டிருந்த ஜோன் வெல்ச் என்னும் இளைஞர், கூறியவற்றை எதிர்நிரலிலே மீட்டுக் கூறி முடிக்கும் எபிரேய அமைப்பு மோர்மன் நூலிலும் வருதலைக் கண்டார். நம் எதிர்நிரனிறையை ஒருவாறு ஒத்தது அது. 1829இல் ஒரு கமக்கார இளைஞன் இதனை அறிந்திருத்தல் கூடாது என்பது வாதம். ஆயின் திருக்குர்ஆனின் 2ஆம், 5ஆம் அத்தியாயங்களிலும் இத்தகைய வளைய அமைப்பை ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். மேரி டக்ளஸ் என்னும் மானிடவியலறிஞர் 2007இல் வெளியிட்ட நூலில் ஹோமரின் இலியட்டிலுங் காட்டுகின்றார். இலியட்டில் உள்ள ஏது மோர்மன் நூலை இறைமொழி ஆக்குமோ? இது சாதாரணம் என்னும் போலியே.

சாட்சியால் வரும் வாதத்தில் இருவரும் பிரிகின்றனர். பொன்னேடுகளைத் தூதன் காட்டக் கண்டதாக ஓலிவர் கௌடறி, டேவிட் விற்மர், மாட்டின் ஹரிஸ் என்னும் மூவரும், அவற்றைக் கையாற் றொட்டுப் பார்த்ததாக வேறு எண்மரும் அளித்த சான்றுரைகள் 1830 முதல் அந்நூலோடு அச்சிடப்பட்டு வருகின்றன. மூவரும் பின்னர் ஸ்மித்தோடு பிணங்கிச் சபையை விட்டு நீங்கினர், கௌடறி 1848இலும் ஹரிஸ் 1870இலும் மீண்டனர், விற்மர் மீளவேயில்லை. பகைகொண்ட காலத்தும் சாட்சியை மறுத்திலர் என்பது உண்மையிலே கருதத்தக்க செய்தி. இஸ்லாமியர் இவ்வாறு சிலரை எண்ணி நிறுத்துவதில்லை. தவாத்துர் என்பது அவர் அளவை. கூடிப் பொய்யுரைத்தல் இயலாத அளவு பலர், தலைமுறைதோறும் பல வழியாகக் கடத்திவந்த செய்தி என்பது அதன் பொருள். வரலாற்றாசிரியன் நோக்கில் தவாத்துரே வலிமை மிக்கது. 2015இல் பேர்மிங்ஹம் பல்கலைக்கழகத்திலிருந்த தோலேடுகளைச் சோதித்தபோது, அத்தோலின் காலம் கி.பி. 568க்கும் 645க்கும் இடைப்பட்டதெனக் கண்டனர். நூலின் பழைமைக்கு இது நற்சான்று. ஆயின் இரண்டும் எதனை நிறுவுகின்றன? முன்னது ஏடுகள் இருந்தன என்பதை. பின்னது முகம்மது நபி ஓதியது இதுவே என்பதை. ஓதியது எங்கிருந்து வந்தது என்னும் வினா தொடங்குமிடத்திலே சாட்சிகள் நின்றுவிடுகின்றன.

புறச் சான்றுகளை விரிக்க வேண்டுவதில்லை. மோர்மன் நூல் கூறும் நாஹோம் என்னும் இடத்தை ஒத்த குலப்பெயர், யெமனின் மாரிப் அருகே அகழ்ந்தெடுத்த பழைய பலிபீடங்களிற் காணப்பட்டமை 1990களில் அவர்க்குப் பெருமகிழ்ச்சி தந்தது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படங்களிலும் அப்பெயர் இருந்ததென மறுப்போர் கூறினர். குதிரையும் உருக்கும் கோதுமையும் கொலம்பசுக்கு முந்திய அமெரிக்காவிலே எங்கே என்னும் வினாவோ இன்றும் நிற்கின்றது. 1981ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரை லேமனியரை அமெரிக்கப் பழங்குடிகளின் முதன்மையான முன்னோர் என்றது. மரபணு ஆராய்ச்சிகள் வெளிவந்த பின், 2006ஆம் ஆண்டுப் பதிப்பொன்றில், முன்னோருட் சிலர் என அது திருத்தப்பட்டது. இஸ்லாமியர் பக்கத்தில், பாரசீகரிடம் தோற்ற உரோமர் சில ஆண்டுகளில் வெல்வர் என 30ஆம் அத்தியாயங் கூறியதும், 614இல் எருசலேமை இழந்த ஹெராக்கிளியஸ் 627இல் வென்றதும் மதிக்கத்தக்க வாதம். பிரெஞ்சு மருத்துவர் மொறிஸ் புக்காய் 1976இல் தொடக்கிய அறிவியல் வாதமோ அத்தகையதன்று. கருவளர்ச்சி முதலியன பற்றிய இக்கால அறிவை வசனங்களிலே கண்டெடுத்தல், அறிவியல் மாறுந்தோறும் உரையை மாற்றவேண்டிய இக்கட்டில் விடும். 1388இல் மறைந்த அந்தலூசிய அறிஞர் அஷ்ஷாத்திபி, எல்லாக் கலைகளையும் வேதத்துக்குள் தேடும் வழக்கத்தை அன்றே கண்டித்தார். காணக்கூடிய பகுதி மெய்யாயின் காணவியலாத பகுதியும் மெய் என்னும் இவ்வாதம் நமக்கும் புதிதன்று; மந்திரமும் ஆயுர்வேதமும் பயன்தருதல் போல வேதமும் பிரமாணம் என நியாய சூத்திரங் கூறுவது இவ்வினத்ததே. அவர்க்குக் குற்றமாயின் நமக்கும் அது குற்றமே.

ஈற்றில் இரு சமயத்தாரும் வாதத்தை விட்டு அனுபவத்துக்கு வருகின்றனர். மோர்மன் நூலின் கடைசிப் பகுதியில் மொரோனி, படித்தோர் நேர்மையுள்ளத்தோடு இறைவனையே வினவினால் தூய ஆவியின் வல்லமையால் உண்மை வெளிப்படும் என வாக்களிக்கின்றான். மோர்மன் ஊழியர் வீடுதோறும் எடுத்துச்செல்லும் வாதம் இதுவே. ஏனையவெல்லாம் இதற்குத் துணை. இஸ்லாமிய மரபில் இதன் இடத்திலே நிற்பது செவி. பகைமையோடு வந்த உமர் 20ஆம் அத்தியாயத்தின் வசனங்களாலே நெஞ்சு நெகிழ்ந்தார் என்பது பழைய வரலாறு. உள்ளத்திலே செய்யும் மாற்றத்தை அற்புதத்தின் ஒரு கூறாகவே 10ஆம் நூற்றாண்டின் அல்கத்தாபி எழுதினார். ஒருவர் தனியறையிலே வினவி விடை பெறுகின்றார். மற்றவர் பலர் நடுவே ஓதக் கேட்டு ஆட்படுகின்றார். இவ்வேறுபாடு ஆழ்ந்தது. ஆயினும் இரண்டிலும் தோல்விக்கு இடமில்லாமை பொது. விடை கிடைக்கவில்லை எனின் உள்ளம் நேர்மையுடையதன்று என்பர். நெகிழவில்லை எனின் அரபின் சுவையறியான் என்பர். எவ்விளைவாலும் பொய்யாகாத சோதனை, சோதிப்பவனுக்கு உறுதி தரலாம், அயலானுக்கு ஏதுவாகாது. அல்கஸ்ஸாலி தமது தன்வரலாற்றிலே, மூன்று பத்தினும் பெரிது எனக் கூறுபவன் ஒருவன் கோலைப் பாம்பாக்கிக் காட்டினும், தாம் வியப்பதன்றித் தம் அறிவை ஐயுறார் என எழுதினார். நபித்துவத்தை அதன் இயல்பினை அனுபவித்தே அறியவேண்டும் என்பது அவர் முடிபு. அற்புத வாதத்தின் எல்லையை அதன் உரிமையாளருள் ஒருவரே இவ்வாறு கண்டது பெரிது.

ஒரு மோர்மனும் ஒரு முஸ்லிமும் இவ்வனுபவத்தைத் தத்தம் நூலில் ஒத்த உறுதியோடு பெறுவாராயின், அது விருத்த வியபிசாரி. இம்முரணைத் தீர்க்கும் வழியில் இருவரும் ஒப்பர் அல்லர். இறைவன் இன்னும் பேசுவான் என்னும் மோர்மன் சபை, 1978 பெப்புருவரியில் வெளியிட்ட அறிக்கையில், முகம்மது நபி முதலியோரும் இறையொளியின் ஒரு பகுதியைப் பெற்றனர் என ஒப்புக்கொண்டது. 33ஆம் அத்தியாயத்தின்படி நபிமார்க்கு முத்திரையாக ஒருவரை ஏற்ற முஸ்லிமுக்கு இப்பெருந்தன்மை இயலாது. 1830இல் ஒரு புது வேதம் என்பது, எவ்வேதுவைக் காட்டினும், தொடக்கத்திலேயே அடைபட்ட கதவு. ஆயின் திறந்த கதவுக்கும் ஓர் இடர் உண்டு. டேவிட் விற்மர் 1887இல், தாம் இறப்பதற்கு முந்திய ஆண்டில், ஒரு சிறு நூலை வெளியிட்டார். பொன்னேடுகளைப் பற்றிய தம் சாட்சியை அதிலே மீண்டும் வலியுறுத்தினார். அச்சாட்சியை நம்புவோர் இதனையும் நம்புக என்று தொடர்ந்து, 1838 யூனில் இறைவன் மீண்டுந் தம் குரலாலேயே தம்மிடம் பேசி, ஸ்மித்தின் மக்களை விட்டுப் பிரியுமாறு பணித்தான் என்று எழுதினார். மோர்மன் நூலின் முகப்பில் விற்மரின் முதற் சாட்சி இன்றும் அச்சிடப்படுகின்றது. இரண்டாஞ் சாட்சி அங்கு இல்லை.